பச்சை பிடிக்காத மனையும் மட்கு உரமும்

கட்டடம் எழும்பும் மனையில் முதலில் பறிபோவது மேல்மண். அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே புல்டோசர் அதை வழித்து ஓரமாகக் குவித்துவிடுகிறது. பல இடங்களில் அது லாரியேறி விலைக்குப் போகிறது. மிஞ்சிய அடிமண்ணின் மேல் கிரேனும் கான்கிரீட் கலவை லாரியும் மாதக்கணக்கில் ஓடுகின்றன. செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் சுண்ணாம்புக் காரையும் அதற்குள் மிதிபட்டு இறங்குகின்றன. வேலை முடிந்ததும் இரண்டு அங்குலச் செம்மண் பரப்பி, புல்தரை விரித்து, நாலு மரக்கன்றுகளை நட்டுவிடுவார்கள். சில மாதங்கள் எல்லாம் பசுமையாகவே தெரியும். பிறகு புல் திட்டுத் திட்டாகக் கருகும். கன்று சாகாது, ஆனால் ஆண்டுகள் கடந்தும் நட்ட உயரத்திலேயே நிற்கும்.

இதற்குத் தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்றே பெரும்பாலும் காரணம் சொல்லப்படுகிறது. முதன்மையான பற்றாக்குறை காற்றுக்குத்தான். நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதில் ஒரு லிட்டரைக் காயவைத்து எடை போட்டால் 1.3 கிலோ அளவில் இருக்கும். இயந்திரங்கள் ஏறி நசுக்கிய மண்ணில் அதே ஒரு லிட்டர் 1.8 கிலோ வரை போகும். வெற்றிடம் மண்ணின் பரும அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படி அழிவது பெரிய துளைகள். மழைநீர் கீழே இறங்குவதும், வேருக்குக் காற்று எட்டுவதும், புதுவேர் நுழைவதும் அவற்றின் வழியேதான். களிமண்ணில் லிட்டருக்கு 1.5 கிலோவை நெருங்கும்போதே வேர் திணறத் தொடங்குகிறது. மணற்பாங்கான மண்ணில் 1.8 கிலோ வரை சமாளிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் கொடுத்தால்தான் ஊசி இறங்கும் என்ற நிலைக்கு மண் இறுகிவிட்டால், வேரின் வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1990களில் ராபர்ட் பிட் என்ற பொறியாளரின் குழு, குலைந்துபோன நகர மண்ணில் 150க்கும் மேற்பட்ட நீர் உறிஞ்சல் சோதனைகளை நடத்தியது. தண்ணீரை நன்றாக உள்வாங்கும் என்று எல்லோரும் நம்பும் மணல் மண்கூட, இறுகிய பின் அந்தக் குணத்தை இழந்திருந்தது. அது ஈரமாக இருந்ததா, காய்ந்து கிடந்ததா என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. களிமண்ணிலோ இறுக்கமும் ஈரமும் சேர்ந்து வேலையைக் கெடுத்தன. அதே ஆய்வின் மற்றொரு பகுதி சியாட்டில் நகர வட்டாரத்தில் நடந்தது. மட்கு உரம் கலந்த நிலத்தில் நீர் இறங்கும் வேகம், கலக்காத நிலத்தைவிட 1.5 முதல் 10 மடங்கு வரை கூடியிருந்தது.

மட்கு உரம் இதை இரண்டு கட்டங்களாகச் செய்கிறது. முதலாவது உடனே நடப்பது: எடை குறைந்த, பஞ்சு போன்ற அந்தப் பொருள் மண் துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. இரண்டாவது மெதுவாக நடப்பது; நிலைத்து நிற்பதும் அதுதான். உரத்தைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் பசை போன்ற சர்க்கரைப் பொருள்களைச் சுரக்கின்றன. பூஞ்சை இழைகள் துகள்களைச் சுற்றிக் கட்டுகின்றன. மண்புழு வந்து துளை போடுகிறது. மாவாகக் கிடந்த மண் சிறுசிறு உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைகளுக்கு நடுவே பெரிய துளைகள் திரும்பவும் உண்டாகும். உரம் என்ற பெயரே இங்கு வழிதவறச் செய்கிறது. மட்கில் நைட்ரஜன் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதிலும் முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது சிறு பங்கு. மண்ணுக்குள் வாழும் உயிர்களுக்கான சோறு என்று அதைப் பார்ப்பதே பொருத்தம். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல், நரம்பு மட்டும் பச்சையாக இலை வெளுக்கும். மட்கிலுள்ள கரிமப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கிடைக்கும்படி வைப்பதால் அந்தக் குறையும் ஓரளவு தணிகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் இந்த விஷயம் அரசின் கவனத்துக்கு வந்ததில் ஒரு மீனுக்குப் பங்குண்டு. பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சினூக் சால்மன் 1999-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. இறுகிய நிலங்களில் விழும் மழை உள்ளே இறங்காமல் ஓடைகளில் பாய்ந்து, சால்மன் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளை அரித்துவிடும். ஓடையைக் காக்க மேட்டு மண்ணைச் சீராக்க வேண்டும் என்ற வாதம் அங்கு வலுத்தது. அம்மாநிலச் சூழலியல் துறையின் மழைநீர்க் கையேடு தரும் அளவுகள் தெளிவானவை. கட்டுமானம் முடிந்த மனையில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல்மண் இருக்க வேண்டும். செடிப் பாத்திகளில் கரிமப் பொருள் 10 சதவீதம், புல்தரையில் 5 சதவீதம். அதற்கும் கீழே 10 சென்டிமீட்டர் அடிமண்ணைக் கீறிவிட வேண்டும். மண்ணைச் சோதிக்காமலே பின்பற்றத்தக்க எளிய வழியும் உண்டு: பாத்திக்கு 7.5 சென்டிமீட்டர், புல்தரைக்கு 4.5 சென்டிமீட்டர் கனத்தில் மட்கைப் பரப்பி உழுது கலப்பது. 100 சதுர மீட்டர் பாத்திக்கு 7.5 கன மீட்டர், அதாவது சுமார் 265 கன அடி மட்கு வேண்டும். இரண்டு மூட்டை வாங்கித் தூவி முடிகிற காரியம் அல்ல.

புல்லுக்கு இந்த ஆழம் போதும், மரத்துக்குப் போதாது. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நினா பாசுக் குழுவினர் கையாண்ட முறையின் பெயரே ‘அள்ளிக் கொட்டுவது’. இறுகிய நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டருக்கு மட்கைப் பரப்புவார்கள். நம்மூரில் ஜேசிபி என்று சொல்லும் இயந்திரத்தால் 45 சென்டிமீட்டர் ஆழம்வரை அள்ளி, மேலே தூக்கி, அப்படியே கொட்டுவார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சூசன் டே குழுவினர் 10 சென்டிமீட்டர் மட்கிட்டு 60 சென்டிமீட்டர் ஆழம்வரை கிளறி, எடுத்துவைத்த மேல்மண்ணை மீண்டும் பரப்பினார்கள். இரண்டிலும் மண்ணைச் சீராகக் கலக்கும் முயற்சி இல்லை. கட்டி கட்டியாக உடைந்த மண்ணுக்கு நடுவே மட்கு நரம்புபோல் கீழே இறங்கினால் போதும். வேர் அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும்.

கன்றுக் குழிக்குள் மட்டும் மட்கைக் கொட்டி நிரப்புவது இன்றும் பரவலான பழக்கம். சுற்றிலும் பாறைபோல் மண் இருக்க, குழி ஒரு தொட்டியாகிவிடுகிறது. மழைநீர் அங்கேயே தேங்கும். வேர் அதற்குள்ளேயே சுற்றும். களிமண் இளகட்டும் என்று கொஞ்சம் மணலைக் கொட்டுவதும் தவறு. மணலின் இடுக்கில் களி புகுந்து, முன்பைவிட இறுகிப்போகும்.

எந்த மட்கு என்பதும் முக்கியம். 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் ஒழுங்குபடுத்திய குவியல் முறை முதல் இன்றைய நகராட்சி ஆலைகள் வரை அடிப்படை ஒன்றுதான்: குவியல் சூடேற வேண்டும், பிறகு ஆற வேண்டும். அமெரிக்க விதிப்படி திறந்தவெளி நீள்குவியலில் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அப்போதுதான். அரைகுறையாக மக்கியதை மண்ணில் கலந்தால், நுண்ணுயிர்கள் அதை மக்கச்செய்ய மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். கையில் எடுத்தால் மழை நனைத்த மண் வாசம் வர வேண்டும். அம்மோனியா நெடியோ, தொட்டால் சூடோ இருந்தால் அது தயாராகவில்லை.

நன்கு மக்கிய உரமும் கேடு செய்த வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் மட்கு உரமிட்ட தோட்டங்களில் தக்காளிச் செடிகள் முறுக்கிக்கொண்டு வளர்ந்தன. புல்தரைக்குத் தெளித்த குளோபைராலிட் என்ற களைக்கொல்லி, வெட்டிய புல்லோடு குவியலுக்குள் போய், சூட்டிலும் சிதையாமல் தங்கியிருந்தது. நூறு கோடியில் சில பங்குகளே அவரை, பட்டாணி, தக்காளி இனங்களைக் கெடுக்கப் போதும். புல்தரையில் அதன் பயன்பாட்டை மாநிலம் 2002-இல் கட்டுப்படுத்தியது. புதிதாக வந்த மட்கைச் சிறிது தொட்டியிலிட்டு, பட்டாணியோ அவரையோ விதைத்து மூன்று வாரம் பார்ப்பது எளிய, நம்பகமான சோதனை.

அளவு மீறினாலும் தொல்லைதான். மட்கு மேலும் மக்கிக் கரையும் பொருள். மண்ணின் பரும அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சில ஆண்டுகளில் தரை அமிழ்ந்து மரம் சாயும். பிட் குழுவின் ஆய்விலேயே, புதிதாக மட்கிட்ட நிலத்திலிருந்து கசிந்த நீரில் பாஸ்பரசும் நைட்ரஜனும் கூடியிருந்தன. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் சாணமட்கைவிடப் பாஸ்பரஸ் குறைந்த இலைதழை மட்கையே, அதையும் தேவையான அளவுக்கு மட்டுமே இட வேண்டும்.

ஏற்கெனவே மரம் நிற்கும் இடத்தில் உழுவதும் அள்ளிக் கொட்டுவதும் கூடாது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டருக்குள்ளேயே பரவியிருக்கிறது. கலப்பை அதை அறுத்துவிடும். அங்கே கிளை விரிந்த வட்டம் முழுக்க ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் மட்கைப் பரப்பி, அடிமரத்தைத் தொடாமல் விலக்கி வைத்து, அதன் மேல் மரச்சில்லு மூடாக்கு போட்டு, அந்த வட்டத்துக்குள் வண்டி ஏறாதபடி வேலியிட வேண்டும். அங்கு மட்கைக் கீழே இறக்குவது மண்புழுக்களின் வேலை. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.