மாதத்தில் ஒரு சனி ஞாயிறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடி நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம், ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் உத்தியோகஸ்தர் வழக்கமாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் இரண்டு வாரம், மற்ற நாட்களெல்லாம் உன்னுடையவை என்பதே அது. வாசகத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த மற்ற நாட்கள் ஏற்கெனவே கல்லூரிக்கும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பாதித்துக் கொடுக்கும் பகுதிநேர வேலைக்கும் ஒப்புக்கொடுக்கப்பட்டவை என்பதையும், இந்த மூன்று எஜமானர்களும் ஒரே நாளில் ஒரே ஆளைக் கூப்பிட்டால் யார் பேச்சைக் கேட்பது என்ற கேள்விக்குச் சட்டம் மூன்று பக்கமும் ஒரே மாதிரியான விடை வைத்திருக்கவில்லை என்பதையும் அந்த வாசகம் சொல்வதில்லை.

அந்நாட்டில் முழுநேரச் சேனைக்குப் பின்பலமாக இரண்டு வகைப் பகுதிநேரப் படைகள் இருக்கின்றன. ஒன்று, ரிசர்வ் எனப்படும் சேமப்படை. இது முற்றிலும் மத்திய சர்க்காருக்குக் கட்டுப்பட்டது. மற்றொன்று, நேஷனல் கார்டு எனப்படும் தேசியக் காவற்படை. இதற்கு எஜமானர்கள் இருவர். வெள்ளம், புயல், கலவரம் என்றால் மாநில கவர்னர் அழைப்பார். யுத்தம் என்றால் ஜனாதிபதி அழைப்பார். தரைப்படையை மட்டும் எடுத்துக்கொண்டாலே, காவற்படையில் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் பேரும் சேமப்படையில் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேரும் இருக்கிறார்கள். இவர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். நாட்டில் கல்விக் கடனாக நிற்கும் தொகை 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், ஏன் ஏராளம் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு சனி ஞாயிறு என்ற கணக்கு நேற்று வந்ததல்ல. 1903-இல், ஒஹையோ மாநிலத்தின் காங்கிரஸ் அங்கத்தினரும் அம்மாநிலக் காவற்படையின் தளபதிகளில் ஒருவருமாக இருந்த சார்லஸ் டிக் என்பவர் முன்னின்று நிறைவேற்றிய சட்டம், மாநிலங்களின் பழைய ஊர்ப்படைகளை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, வருஷத்துக்கு 24 பயிற்சிக் கூட்டங்களும் 5 நாள் முகாமும் நடக்க வேண்டும் என்று விதித்தது. 1916-ஆம் வருஷத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை 48 கூட்டங்களாகவும் 15 நாட்களாகவும் உயர்த்தியது. அந்தக் காலத்தில் கடைச் சிப்பந்தியும் குமாஸ்தாவும் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து, உள்ளூர்ப் படைக்கூடத்துக்குப் போய்க் கவாத்துப் பழகித் திரும்புவார்கள். பிற்காலத்தில் அந்த 48 மாலைகளையும் கூட்டி, ஒரு சனி ஞாயிறுக்கு நான்கு கூட்டங்கள் வீதம் 12 மாதங்களுக்குப் பகிர்ந்துவிட்டார்கள். இதனால்தான் இரண்டு நாள் கவாத்துக்குப் போகிற சிப்பாய்க்கு நான்கு நாட்களின் அடிப்படைச் சம்பளம் கிடைக்கிறது. மேல்பார்வைக்கு இது தாராளமாகத் தெரியும். உண்மையில் பழைய கணக்கின் மிச்சம்தான்.

இனி மாணவனின் வாரத்தைப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்பதற்கு, வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும் என்று மத்திய சர்க்காரின் விதியே இலக்கணம் வகுத்திருக்கிறது. முழுநேர மாணவன் என்ற அந்தஸ்துக்குப் பருவம் ஒன்றில் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். அப்படியானால் படிப்புக்கு மட்டும் வாரம் 36 மணி. நான்கு வருஷத்தில் பட்டம் வாங்க நினைப்பவன் 15 எடுத்தாக வேண்டும். அது 45 மணி. இதன்மேல் உணவகத்திலோ கடையிலோ கிடங்கிலோ 20 மணி நேர வேலையை வைத்தால் 65 ஆகிறது. சாதாரண வாரங்களில் இதைச் சமாளித்துவிடலாம், பலர் சமாளிக்கவும் செய்கிறார்கள். கவாத்து வரும் வாரத்தில்தான் கணக்கு உடைகிறது. முந்தின திங்கட்கிழமை தொடங்கிய ஓட்டம், சனி ஞாயிறு படைக்கூடத்தில் கழிந்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரையில், ஒருநாள் ஓய்வும் இல்லாமல் 12 நாட்கள் நீள்கிறது. 15 வாரப் பருவத்தில் இது மூன்று அல்லது நான்கு முறை வரும். அவற்றில் ஒன்றாவது இடைத்தேர்வுகளுக்கு முந்தின சனி ஞாயிறாக அமைந்துவிடுவது சகஜம். போதாக்குறைக்கு, பகுதிநேர வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கு ஆள் அதிகம் தேவைப்படுவதும் மாணவன் வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சம்பாதிப்பதும் இதே சனி ஞாயிறுகளில்தான்.

ஆனாலும் மூன்று எஜமானர்களில் முதலாளியின் கையைத்தான் சட்டம் மிக நன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது. 1994-இல் நிறைவேறி, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து யுசெர்ரா என்று எல்லோராலும் அழைக்கப்படும் சட்டம், படைப்பணிக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு அவனுடைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. போகாமலே இருந்திருந்தால் எந்தப் படியில் நின்றிருப்பானோ அந்தப் படியிலேயே கொடுக்க வேண்டும் என்பது அதன் விசேஷம். முதலாளி பெரிய கம்பெனியா, இரண்டே சிப்பந்திகள் உள்ள பெட்டிக்கடையா என்ற பேதம் இல்லை. வேலை முழுநேரமா, பகுதிநேரமா என்ற பேதமும் இல்லை. முன்கூட்டித் தெரிவித்தால் போதும், வாய்மொழியாகத் தெரிவித்தாலும் போதும். உனக்குப் பதில் ஆளை நீயே தேடிக் கொண்டுவா என்று மேனேஜர் சொல்ல முடியாது. உன் விடுமுறை நாட்களில் இதைக் கழித்துக்கொள் என்றும் நிர்ப்பந்திக்க முடியாது. வராத நாட்களுக்குச் சம்பளம் தரவேண்டும் என்பது மட்டும் இல்லை. ஒப்பந்தக்காரன் என்ற பெயரில் கார் ஓட்டியும் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தும் பிழைக்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தின் நிழலே இல்லை. இன்றைய மாணவர்களில் பலர் செய்வது அந்த வேலைதான் என்பது விசனத்துக்குரியது.

இந்தச் சட்டம் வெறும் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. டெக்ஸாஸ் மாநிலப் போலீஸில் உத்தியோகம் பார்த்து, சேமப்படைச் சிப்பாயாக இராக்குக்கு அழைக்கப்பட்டு, சுவாசக் கோளாறோடு திரும்பிய ஒருவர் தொடுத்த வழக்கில், மாநில சர்க்காரே முதலாளியானாலும் இந்தச் சட்டத்தின்படி நியாயம் கேட்டு அதன்மேல் வழக்குப் போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. மாநில கவர்னரின் உத்தரவில் செய்யும் பணி நெடுங்காலம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. 14 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் பணியையும், தேசிய நெருக்கடியிலும் பெரும் பேரழிவிலும் செய்யும் பணியையும் 2021 ஜனவரியில் உள்ளே கொண்டுவந்தார்கள்.

சட்டத்தின் கரிசனத்துக்கு ஒரு சிறு உதாரணம் சொல்லலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கவாத்து முடிகிறது என்றும், வீடு இரண்டு மணி நேரப் பிரயாணம் என்றும் வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு வீடு சேர்ந்த சிப்பாய்க்கு அதிலிருந்து எட்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அது முடியுமுன் வேலைக்கு வா என்று முதலாளி கூப்பிட முடியாது. அதே சிப்பாய் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கணித வகுப்பில் பரீட்சை எழுத வேண்டியிருந்து, கவாத்து நள்ளிரவு வரை நீண்டு, அவன் விடியற்காலை இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தால், அவனுக்கு ஓய்வு கொடு என்று பேராசிரியருக்கு உத்தரவிடும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை.

கல்லூரிகளுக்கும் சட்டம் உண்டு. ஆனால் அது நீண்ட விடுப்புகளுக்கு வகுத்த சட்டம். இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களுக்காகப் பாதிப் பருவத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் போன மாணவர்கள் திரும்பிவந்து கல்லூரி வாசலில் மறுபடி விண்ணப்பம் எழுத நேர்ந்த காலத்தில், 2008-இல் நிறைவேறிய உயர்கல்விச் சட்டம், அவர்களைப் பழைய அந்தஸ்திலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், திரும்பிய முதல் வருஷம் பழைய கட்டணத்தையே வாங்க வேண்டும் என்றும் விதித்தது. இதற்குப் பணி மத்திய சர்க்காரின் அதிகாரத்தில், தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் நடந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வுக்கூட வகுப்பை விட்டுவிட்டு இருநூறு மைல் காரோட்டிப் போகிறவனும், கோடைப் பருவத்தின் நடுவே இரண்டு வார முகாமுக்குப் போகிறவனும் இந்த வாசலுக்குள் நுழைய மாட்டார்கள். இத்தகைய குறுகிய விடுப்புகளுக்குக் கல்லூரிகள் இடங்கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொதுவாக இருக்கிறது. தவறிய பரீட்சையை எப்போது எழுதுவது, ஆய்வுக்கூட மதிப்பெண்ணை எப்படி ஈடுகட்டுவது என்ற விவரங்களெல்லாம் கல்லூரியின் விதிப்புத்தகத்தையும் பேராசிரியரின் மனத்தையும் பொறுத்தவை. என்.சி.சி. முகாமுக்குப் போன நாட்களை 'ஓ.டி.' என்று குறித்து வருகையில் சேர்க்கும் நம் கல்லூரி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

பேராசிரியர்கள் பெரும்பாலும் நல்ல மனமுள்ளவர்கள்தாம்; முதல் வாரத்திலேயே தேதிகளைக் காட்டிக் கேட்டால் மறுப்பவர்கள் அபூர்வம். ஆனால் ஒருவரின் உரிமை இன்னொருவரின் நல்ல மனத்தில் தங்கியிருப்பது உரிமை ஆகாது என்பது என் அபிப்பிராயம். மாணவன் கவாத்தைத் தவிர்த்துவிடலாமே என்று கேட்பதற்கில்லை. தரைப்படையின் விதியில், ஒரு வருஷத்துக்குள் அனுமதியின்றித் தவறிய கூட்டங்கள் ஒன்பதானால் அவன் கடமை தவறியவனாகக் கணக்கிடப்படுவான். ஒரு சனி ஞாயிறுக்கு நான்கு கூட்டங்கள் என்பதால், மூன்றாவது சனிக்கிழமைக் காலையிலேயே ஒன்பது வந்துவிடும். முன்கூட்டிக் கேட்டால் வேறு தேதியில் பயிற்சியை ஈடுகட்ட அனுமதிக்கும் அதிகாரம் படைப்பிரிவின் தலைவருக்கு உண்டு. மாணவச் சிப்பாய்கள் இதை இன்னும் தாராளமாகக் கேட்க வேண்டும்.

பணத்தின் பக்கத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆறு வருஷப் பணிக்கு ஒப்பந்தம் செய்து, முதற்பயிற்சியை முடித்த பகுதிநேரச் சிப்பாய்க்கு மாண்ட்கோமரி ஜி.ஐ. பில் என்ற திட்டத்தில் 36 மாதங்கள் வரை உபகாரச் சம்பளம் கிடைக்கும். முழுநேர மாணவனுக்கே 2024-25 கல்வியாண்டில் இது மாதம் 500 டாலரை எட்டவில்லை. தரைப்படையின் கட்டண உதவி ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை தருகிறது. பல மாநிலங்கள் தங்கள் காவற்படை வீரர்களுக்குச் சர்க்கார் கல்லூரிகளில் கட்டணத்தை முழுதும் தள்ளிக்கொடுக்கின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பாரம் தாங்காமல் ஒரு பாடத்தை விட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர அந்தஸ்து போய் உபகாரச் சம்பளம் குறைகிறது. விடாமல் பிடித்து 'டி' வாங்கினால், அந்தப் பாடத்துக்குப் பெற்ற கட்டண உதவியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பாரத்தைக் குறைத்தாலும் நஷ்டம், சுமந்து சறுக்கினாலும் நஷ்டம் என்ற இந்த ஏற்பாட்டில், கடைசியில் மாணவன் குறைத்துக்கொள்ளக்கூடியது தூக்கம் ஒன்றுதான்.

தமிழர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மாணவர் விசாவில் மேல்படிப்புக்குப் போகிறவர்கள் இந்தப் படைகளில் சேர முடியாது. பிரஜைகளும் கிரீன் கார்டு உள்ளவர்களுமே சேரலாம். 2009-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட ஒரு விசேஷத் திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழி அறிந்த வெளிநாட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இப்போது இந்தக் கேள்வி எழுவது அங்கேயே குடியேறிய குடும்பங்களில், அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு ராணுவம் என்றால் ஒரு பயம். பிள்ளைக்குக் கட்டணம் என்றால் ஒரு பயம். இரண்டையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, காகிதங்களைப் படிப்பது நல்லது.

படிக்க வேண்டிய முதல் காகிதம், படைப்பிரிவு அக்டோபரில் தொடங்கும் வருஷத்துக்கு வெளியிடும் கவாத்து அட்டவணை. பாடங்களைப் பதிவு செய்யுமுன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளிப் பிற்பகல், திங்கட் காலை வகுப்புகளைக் கூடியவரை விலக்கிவிட வேண்டும். வேலை தேடும்போதும், சனி ஞாயிறை நம்பி நடக்கும் உணவகத்தைவிடக் கல்லூரி நூலகம் போன்ற இடம் சௌகரியம். முதற்பயிற்சிக்கே பத்து வாரம் ஆகும். அதன்பின் தொழிற்பயிற்சி தனி. இவற்றை இரண்டு கோடைகளில் பிரித்துச் செய்யும் ஏற்பாடு உண்டா என்று கேட்டால் ஒரு பருவம் மிஞ்சலாம். படையில் இருந்துகொண்டே கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. அதிகாரிப் பயிற்சியிலும் ஒப்பந்தம் செய்துகொள்பவர்களைப் படிப்பு முடியும் வரை யுத்தப் பணிக்கு அனுப்புவதில்லை. பின்னர் அதிகாரியாகப் பணிபுரியும் கடமை அதற்கு விலை.

இரண்டாவது காகிதம் ஒப்பந்தமே. பட்டம் நான்கு வருஷத்துக் காரியம். ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருஷம்: சாதாரணமாக ஆறு வருஷம் மாதாமாதம் கவாத்து, மீதி இரண்டு வருஷம் கவாத்து இல்லாமல், அழைத்தால் வரவேண்டிய பட்டியலில். பதினெட்டில் கையெழுத்திடும் பிள்ளை இருபத்தாறு வரை இதற்குக் கட்டுப்பட்டிருக்கும். உங்கள் உறவில் யாராவது இதை யோசித்துக்கொண்டிருந்தால், கையெழுத்திடுமுன் இந்த இரண்டு காகிதங்களையும் கேட்டு வாங்கி, சேர நினைக்கும் கல்லூரியின் விடுப்பு விதியையும் பக்கத்தில் வைத்து, ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.