பழைய ரைஃபிளும் 0.10 மில்லிமீட்டரும்: ஸ்காட்லாந்து மான் வேட்டையிலிருந்து ஒரு கணக்கு

ஸ்காட்லாந்தில் 1990இல் ஏறத்தாழ 5 லட்சம் மான்கள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. ஓநாய் அற்றுப்போன நாட்டில் மான் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு வேட்டைக்காரர்களுடையது. அந்த வேலைக்குப் புதிய ரைஃபிள் தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள பழையதே போதும். ஆனால் "நல்ல நிலை" என்பதைக் கட்டையின் மெருகோ உலோகத்தின் கருநீலப் பூச்சோ சொல்லாது. அதைச் சொல்பவை சில எண்கள். அவை தவறினால் நட்டம் வாங்கியவருக்கு மட்டுமல்ல, குறி தப்பிக் காயத்தோடு ஓடும் விலங்குக்கும்தான்.

முதல் எண் 2,373 ஜூல். எல்லா வகை மான்களையும் சுட ஸ்காட்லாந்துச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் இது. குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அளக்கப்படுவது. வேகமும் வினாடிக்கு 747 மீட்டருக்குக் குறையக்கூடாது. இங்கிலாந்தில் வரம்பு 2,305 ஜூல்; குண்டின் விட்டம் 0.240 அங்குலத்துக்கு, அதாவது 6.10 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 1952இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டா இவற்றை எளிதில் தாண்டும். 150 கிரெயின், அதாவது 9.72 கிராம் குண்டு வெறும் 747 மீட்டர் வேகத்தில் சென்றாலே ஆற்றல் சுமார் 2,710 ஜூல். வரம்பைவிட 14 சதவீதம் அதிகம். 1955இல் வந்த .243 வின்செஸ்டருக்கு இந்தத் தாராளம் இல்லை.

அதற்குக் காரணம் 80 கிரெயின் என்ற எண். 2023இல் ஸ்காட்லாந்து, குண்டின் குறைந்தபட்ச எடையை 100 கிரெயினிலிருந்து (6.48 கிராம்) 80 கிரெயினாக (5.18 கிராம்) இறக்கியது. ஈயமற்ற செம்புக் குண்டுகளுக்கு வழிவிடவே இந்த மாற்றம். எடை 20 சதவீதம் குறைந்தது. ஆற்றல் வரம்போ மாறவில்லை. 100 கிரெயின் குண்டு 2,373 ஜூலை எட்ட வினாடிக்கு 856 மீட்டர் வேகம் போதும். 80 கிரெயின் குண்டுக்கு 957 மீட்டர் வேண்டும்.

எனவே குழலின் நீளத்தை அளந்தே ஆகவேண்டும். ஒலியடக்கி பொருத்த வசதியாகக் குழலைக் குறைத்த பழைய ரைஃபிள்கள் சந்தையில் உண்டு. 610 மி.மீ. குழலில் வினாடிக்கு 975 மீட்டர் வேகம் தரும் 80 கிரெயின் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 2,464 ஜூல். ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 7.6 மீட்டர் குறையும் என்பது பொதுவான தோராயம். குழல் 457 மி.மீ.க்கு வெட்டப்பட்டிருந்தால் 6 அங்குலத்துக்கு 46 மீட்டர் இழப்பு. மிஞ்சும் வேகம் 929 மீட்டர், ஆற்றல் 2,237 ஜூல். ஸ்காட்லாந்து வரம்புக்கு 136 ஜூலும் இங்கிலாந்து வரம்புக்கு 68 ஜூலும் குறைவு. அந்த ரைஃபிளில் வேறு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். இந்தத் தோட்டாவோடு மான் வேட்டைக்கு அது உதவாது. அளப்பது எளிது: தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை மூடி, துடைப்புக் கம்பியை முன்வாயிலிருந்து போல்ட்டின் முகம் தொடும்வரை விட்டுக் குறியிட்டால் போதும்.

அடுத்த எண் 254 மில்லிமீட்டர். பெரும்பாலான .243 ரைஃபிள்களின் குழலுக்குள் திருகலாக வெட்டிய உள்வரிகள் இந்தத் தூரத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். .308இல் இது 254 முதல் 305 மி.மீ. வரை வேறுபடும். நீண்ட குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுற்று வேண்டும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். அதே விட்டம், அதே எடை என்றால் செம்புக் குண்டு கணக்குப்படி 27 சதவீதம் நீளமாக இருக்கும். ஈயக் குண்டிலும் செம்பு உறை இருப்பதால் நடைமுறையில் வேறுபாடு இதைவிடக் குறைவு, ஆனாலும் .243இன் வழக்கமான சுற்றுக்கு 100 கிரெயின் செம்புக் குண்டு அதிக நீளம். ஈயத் தோட்டாக்களை 2029க்குள் விலக்கும் முடிவை 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. அதன்படி, பெரிய வேட்டைக் குண்டுகளில் ஈயம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக, இன்று ரைஃபிள் வாங்குபவர் அதன் பயன்பாட்டுக் காலத்தின் பெரும்பகுதியைச் செம்புக் குண்டோடு கழிக்கப்போகிறார். இறுக்கமான துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் தள்ளி, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பாதுகாப்புக் கணக்கு 4,150 பாரில் தொடங்குகிறது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் சி.ஐ.பி. தரத்தின்படி .308 தோட்டா உண்டாக்கக்கூடிய உச்ச அழுத்தம் இது, 2.2 பார் காற்றடைத்த கார் டயரைவிடச் சுமார் 1,890 மடங்கு. சோதனைத் தோட்டா இதைவிட 25 சதவீதம் கூடுதலாக, அதாவது 5,188 பார் அழுத்தம் தரும். அதைத் தாங்கிய குழலுக்கே முத்திரை. லண்டன் சோதனைச்சாலை 1637ஆம் ஆண்டின் சாசனத்தில் பிறந்த நிறுவனத்துடையது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் ஏற்பட்டது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பிலுள்ளது. முத்திரையில்லாத துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம். குழல் மாற்றப்பட்ட ரைஃபிளில் பழைய முத்திரை புதிய குழலுக்குச் செல்லாது. குழலிலும் தோட்டா அறைப் பகுதியிலும் முத்திரை இருக்கிறதா என்று தனித்தனியே பார்க்கவேண்டும்.

முத்திரை, சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். இன்றைய நிலைக்கு அளவு 0.10 மி.மீ. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறையின் தோளுக்கும் இடையிலான தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .308க்கு விற்கப்படும் சோதனை அச்சுகள் மூன்று: 'கோ' 41.40 மி.மீ., 'நோ-கோ' 41.50 மி.மீ., 'ஃபீல்டு' 41.61 மி.மீ. முதல் அச்சின்மேல் போல்ட் மூடவேண்டும். இரண்டாவதின்மேல் மூடாவிட்டால் தேய்மானம் கவலைக்குரியதல்ல. இரண்டாவதில் மூடி மூன்றாவதில் மூடாவிட்டால் ரைஃபிள் பயன்பாட்டின் எல்லையை நெருங்குகிறது. மூன்றிலும் மூடினால் அதைச் சுடக்கூடாது. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு 0.21 மி.மீ.; கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாத அளவு. அச்சு கையில் இல்லையென்றால் துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து அளக்கச் சொல்வதே முறை. பயன்படுத்திய தோட்டாவை வைத்து ஊகிப்பது அளவாகாது.

உள்வரிகளின் ஆழமும் 0.10 மி.மீ.தான். .308இன் குழலில் மேட்டுக்கு மேடு விட்டம் 7.62 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 7.82 மி.மீ. வித்தியாசத்தில் பாதி ஒரு பக்கத்து ஆழம். அந்தச் சிறு மேட்டைச் சூடான வாயு முதலில் அரிப்பது தோட்டா அறைக்கு அடுத்த பகுதியில். எவ்வளவு வெடிமருந்து எவ்வளவு பரப்பின் வழியே எரிகிறது என்பதே அரிப்பின் வேகத்துக்கு அடிப்படை. .308இல் சுமார் 2.9 கிராம் மருந்து 48.0 சதுர மி.மீ. துளை வழியே போகிறது, சதுர மி.மீ.க்கு 0.060 கிராம். .243இல் சுமார் 2.6 கிராம், 29.9 சதுர மி.மீ.; 0.087 கிராம். பாரம் ஏறத்தாழ 44 சதவீதம் அதிகம். துப்பாக்கிப் பணியாளர்கள் .308 குழலுக்குச் சுமார் 5,000 சுடுகளும் .243க்கு 1,500 முதல் 2,500 வரையும் ஆயுள் சொல்வது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. சூடான குழலில் விரைந்து சுட்டால் இரண்டுமே குறையும்.

இதிலிருந்து விலையை வேறு விதமாகப் பார்க்கலாம். பின்வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை. 350 பவுண்டுக்கு ஒரு .243, 1,500 முறை சுடப்பட்டது, ஆயுள் 2,000 என்றால் மிச்சம் 500. ஒரு சுடுக்கு 70 பென்ஸ். 550 பவுண்டுக்கு ஒரு .308, 1,000 முறை சுடப்பட்டது, மிச்சம் 4,000. ஒரு சுடுக்கு 13.75 பென்ஸ். முதலாவதன் விலை 36 சதவீதம் குறைவு. பயன்பாட்டுச் செலவு 5 மடங்கு. .243க்கு 600 பவுண்டில் புதிய குழல் போட்டால் மொத்தம் 950 பவுண்டு, 2,500 சுடுகள். ஒன்றுக்கு 38 பென்ஸ். ஆனால் ஆண்டுக்கு 30 முறை மட்டும் சுடுபவருக்கு மிச்சமுள்ள 500 சுடுகள் 16 ஆண்டுக்கு மேல் வரும். அவருக்கு மலிவானதே போதுமானதாகலாம். சிக்கல் ஒன்றே: ரைஃபிளில் ஓட்டத்தைப் பதியும் மீட்டர் இல்லை. விற்பவர் சொல்லும் எண்ணிக்கையைப் போர்ஸ்கோப் கருவியால் குழலின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் சரிபார்க்கவேண்டும். வறண்ட வயல்போல் வெடிப்புகள் நெடுக ஓடினால், சொன்ன எண்ணை நம்ப இடமில்லை.

உரிமக் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். 2025 பிப்ரவரி 5 முதல் புதிய துப்பாக்கிச் சான்றிதழின் கட்டணம் 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக உயர்ந்தது. 125 சதவீத உயர்வு. புதுப்பித்தல் 62இலிருந்து 131 பவுண்டானது. சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும், ஆண்டுக்கு 39.60 பவுண்டு. ஆண்டுக்கு 100 முறை சுடுபவருக்கு இது ஒரு சுடுக்கு 39.6 பென்ஸ், மேற்படி .308 குழலின் தேய்மானத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு. சான்றிதழில் குறித்த அளவுள்ள துப்பாக்கியை மட்டுமே வாங்கலாம். கைமாறிய 7 நாட்களுக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.

விசைக்கு உரிய எண் 75 லட்சம். அமெரிக்காவின் ரெமிங்டன் 700 ரைஃபிள் 1962இல் வந்தது. விசையைத் தொடாமலே சுடுகிறது என்ற வழக்குகளைத் தொடர்ந்து ஏற்பட்ட சமரசம், 700உம் அதன் உறவு மாதிரிகளுமாகச் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கியது. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. விசையை மாற்றித்தர இசைந்தது. 2017 மார்ச்சில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தபோது வந்திருந்த கோரிக்கைகள் சுமார் 22,000, அதாவது 0.29 சதவீதம். கோரிக்கைக் காலம் 2020 ஏப்ரலில் முடிந்தது. இவை தவிர, 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ விசைகளை நிறுவனமே திரும்ப அழைத்தது. எனவே பழைய சந்தையில் வரும் ரெமிங்டனில் விசை மாற்றப்பட்டதா என்பதற்குச் சான்று கேட்பது நியாயம். எந்த நிறுவனத் தயாரிப்பானாலும், காலி ரைஃபிளில் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை அழுத்தி விட்டபின், விசையைத் தொடாமல் பூட்டை மட்டும் நீக்கிப் பார்க்கவேண்டும். அடிமுள் விழுந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கடைசிச் சோதனை தாளில் தெரியும். பிரிட்டனின் மான் வேட்டைச் சான்றிதழ் முதல் நிலைத் தேர்வில் 100 மீட்டரில் 3 குண்டுகள் 102 மி.மீ. வட்டத்துக்குள் விழவேண்டும். நல்ல ரைஃபிளுக்கு இது தாராளமான வரம்பு. விற்பவர் 25 மி.மீ.க்குள் விழுந்த 3 குண்டுத் தாளைக் காட்டினால் அதை அப்படியே ஏற்கமுடியாது. புள்ளியியல்படி, அதே ரைஃபிள் 5 குண்டுகளைச் சராசரியாக 1.27 மடங்கு அகலத்தில், அதாவது 32 மி.மீ.யில் போடும், 10 குண்டுகளை 1.58 மடங்கில், சுமார் 40 மி.மீ.யில். விற்பவர் எத்தனை தாள்களில் சிறந்ததைத் தேர்ந்து காட்டினார் என்பதும் தெரியாது. வாங்குபவர் வேட்டைக்குப் பயன்படுத்தப்போகும் தோட்டாவில் 5 குண்டுகளைத் தானே சுட்டுப் பார்ப்பது நம்பகமானது.

மொத்தம் ஏழு சோதனைகள். இவற்றில் முத்திரை, ஹெட்ஸ்பேஸ், விசை ஆகிய 3 தவறினால் எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது. அவை உயிர் சார்ந்தவை. நீளம், சுற்று, அரிப்பு, குறி ஆகிய 4 குறைகளுக்கு விலையில் ஈடு காணலாம். 600 பவுண்டுக் குழலை விலையிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே அந்த ரைஃபிளின் மதிப்பு. மேலே கண்ட 350 பவுண்டு .243இன் குழல் முழுதும் தேய்ந்திருந்தால் கணக்கு -250 பவுண்டில் நிற்கிறது. அதை இலவசமாகத் தந்தாலும் யோசித்தே வாங்கவேண்டும்.