அம்மோனியாவை எரித்தால் எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு?

யூரியா மூட்டை நுழையாத உழவர் வீடு இல்லை. அந்த யூரியா அம்மோனியா வாயுவிலிருந்து செய்யப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அம்மோனியா கசிந்தால் என்ன நேரும்? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது, மீனவர் குப்பங்களில் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குச் சென்றனர்.

ஆகவே ஆலைகளில் வெளியேற்றியே தீரவேண்டிய அம்மோனியாவை, உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுவது உண்டு. இதனை ‘ஃபிளேர்’ என்பர். சரியாக எரிந்தால் நைட்ரஜனும் நீராவியுமே மிஞ்சும். ஆயினும் ஒரு சிறு பகுதி நைட்ரிக் ஆக்சைடாகிறது. அது காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலைத் தாக்கும். அமில மழைக்கும் காரணமாகும்.

அந்தச் சிறு பகுதி எவ்வளவு? திறந்த வெளியில் காற்றில் ஆடும் சுடரைக் கருவியால் அளப்பது கடினம். எனவே கணக்கிட்டே அறிகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கையேடு ஃபிளேர்களுக்கு ஓர் எண் தருகிறது: பத்து லட்சம் பி.டி.யு. வெப்பத்திற்கு 0.068 பவுண்டு. நம் அளவில் ஒரு கிகாஜூலுக்கு ஏறத்தாழ 29 கிராம். 1000 கிலோ அம்மோனியா எரிந்தால் சுமார் 18.6 கிகாஜூல் வெப்பம் வரும். இரண்டையும் பெருக்கினால் விடை அரைக் கிலோ சொச்சம்.

இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். அந்த எண் புரொப்பிலீனும் புரொப்பேனும் கலந்த வாயுவை எரித்துக் கண்டது. அவற்றில் நைட்ரஜன் இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜன் சுடரின் சூட்டில் ஆக்சைடாவதை மட்டுமே அந்த எண் சொல்லும். அம்மோனியாவிலோ எடையில் 82 சதவீதம் நைட்ரஜன்! நூற்றில் ஒரு மூலக்கூறு மட்டும் ஆக்சைடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோவில் 10 கிலோ. அதனை டை ஆக்சைடாகக் கணக்கிட்டால், 10 × 46 ÷ 17 = 27 கிலோ. முன் விடையைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு!

ஆகவே சரியான மதிப்பீட்டில் காற்றால் வருவது, எரிபொருளால் வருவது என இரண்டையும் கூட்ட வேண்டும். சுடருக்குள் ஒரு நன்மையும் நடக்கிறது. அம்மோனியாவின் சிதைவுகள் நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து அதை மீண்டும் நைட்ரஜனாக்குகின்றன. அனல் மின் நிலையப் புகையில் அம்மோனியாவைச் செலுத்தி ஆக்சைடைக் குறைப்பதும் இதே தத்துவம். இதனால் மாறும் சதவீதம் குறைவு. ஆனால் சூடும் காற்றும் மாறினால் அதுவும் மாறும். சுடர் அணைந்தாலோ அம்மோனியாவே வெளியேறும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். “வேதியியல் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று ஊரில் கேட்கிறார்கள். ஓர் ஆலையின் அறிக்கையில் ‘அரைக் கிலோ’ என்றிருந்தால், “இது எந்த வாயுவை எரித்துக் கண்ட எண்?” என்று அந்த ஆலையின் அருகில் வாழ்பவர்களுக்காக நான் கேட்பேன். மாணவ நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்!