செய்தியோடைகளும் அவற்றைத் திரட்டும் முறையும்

மைசூர் நகரின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. 'மண்டி' என்பது மொத்த வியாபாரம் நடைபெறும் இடத்தையும், 'மொஹல்லா' என்பது நகரின் ஒரு பிரிவையும் குறிக்கும். சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வெங்காயத்துக்காக ஒரு கிராமத்துக்கும் மிளகாய்க்காக மற்றொரு கிராமத்துக்கும் நாள்தோறும் போவதில்லை. பல ஊர்ச் சரக்கும் மண்டிக்கு வந்து சேருகிறது. அவர் தமக்கு வேண்டியதை அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். இணையதளங்களில் வெளியாகும் புதிய விஷயங்களை அறிந்துகொள்வதற்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. தளங்கள் வெளியிடும் புதுச் செய்திப் பட்டியலுக்குச் செய்தியோடை என்றும், பல ஓடைகளை ஒருங்கே காட்டும் சாதனத்துக்கு ஓடைத்திரட்டி என்றும் பெயர்.

இதன் அவசியம்

மண்டி மொஹல்லாவில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் பத்துத் தளங்களைக் கவனித்து வர விரும்புவதாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமாயின், நாளொன்றுக்கு இருபது நிமிஷமும், ஆறு நாட்களில் இரண்டு மணி நேரமும் செலவாகும். பெரும்பாலான நாட்களில் புதிதாக ஒன்றும் இராது. ஆகவே சில வாரங்களில் அவ்வழக்கம் தளர்ந்துவிடும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் குறித்த அறிவிப்போ, திருத்தப்பட்ட பயிர்ப் பரிந்துரையோ அவர் பாராதிருந்த நாளிலேயே வெளியாகிவிடக்கூடும்.

இதற்கு மாற்றாகப் பலர் கைப்பேசியில் பிறர் அனுப்பும் செய்திகளை நம்புகின்றனர். அவற்றில் தேதி இராது, மூலம் தெரியாது, சென்ற ஆண்டின் சுற்றறிக்கை இவ்வாண்டினதாக உலவுவதும் உண்டு. சமூக ஊடகங்களிலோ, எதை முதலில் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பு முறையே தீர்மானிக்கிறது. செய்தியோடையில் இக்குறைகள் இல்லை. வெளியிட்ட நிலையத்திலிருந்து நேராக, தேதியுடன், வந்த வரிசைப்படியே செய்தி கிடைக்கிறது.

செயற்படும் விதம்

செய்தியோடை என்பது எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய கோப்பு. தளத்தில் புதிய கட்டுரையோ அறிவிப்போ சேர்க்கப்படும்போது, அதன் தலைப்பு, முகவரி, தேதி, சுருக்கம் ஆகியவை இக்கோப்பிலும் பதிவாகின்றன. திரட்டி, குறித்த இடைவெளிகளில் கோப்பைக் கேட்டுப் பெற்று, முன்பு கண்டவற்றுடன் ஒப்பிட்டு, புதியவற்றை மாத்திரம் படிக்காதவை எனக் காட்டும். கோப்பில் மாறுதல் ஏதும் இல்லையெனில் 'மாறவில்லை' எனப் பொருள்படும் 304 என்ற எண்ணை மட்டும் தளம் விடையாக அனுப்ப இயலும். எனவே இணைப்பு மெதுவாக உள்ள இடங்களிலும் இம்முறை பயன்படுகிறது.

இம்முறையின் முதல் வடிவம் 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றியது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபியும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இராமநாதன் குஹாவும் ஆவர். ஆர்.எஸ்.எஸ். என வழங்கும் அம்முறையின் 2.0 பதிப்பு 2002-இல் வெளியாயிற்று. ஆட்டம் என்னும் மற்றொரு முறை 2005 டிசம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. பெரும்பாலான திரட்டிகள் இரண்டையும் படிக்கும். தமிழில், காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய 'தமிழ்மணம்', பலருடைய தமிழ் எழுத்துக்களின் ஓடைகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது.

பயன்படுத்தும் முறை

முதலில் திரட்டி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கணினியில் தண்டர்பேர்ட் என்னும் இலவச மின்னஞ்சல் மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு. கைப்பேசிக்கு ஃபீட்லி போன்றவை உள்ளன. அடுத்து, தளத்தில் ஓடையின் முகவரியைத் தேட வேண்டும். ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும் இரு வளைகோடுகளும் கொண்ட சின்னம் அதைக் காட்டும். அம்முகவரியைத் திரட்டியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சின்னம் காணப்படாவிடினும், தளத்தின் முகவரியைக் கொடுத்த அளவில் ஓடையைக் கண்டுபிடித்துக்கொள்ளும் திரட்டிகளும் உண்டு.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் இந்திய ரிசர்வ் வங்கியும் தம் அறிவிப்புகளை ஓடைகளாக வழங்குகின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிலையத்தின் நிலநடுக்க ஓடை, பூகோள ஆசிரியர்களுக்கு அன்றாட உதாரணங்களைத் தரும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, திரட்டி இடைவெளி விட்டே செய்தியைப் பெறுகிறது. ஆதலால் வெள்ளம், புயல் போன்ற உடனடி எச்சரிக்கைகளுக்கு இதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வானொலியும் குறுஞ்செய்தியும் அவசியம். இரண்டாவதாக, ஓடையில் பெரும்பாலும் அண்மைக்காலப் பதிவுகளே இருக்கும். பழைய ஆவணங்களைத் தளத்திலேயே தேட வேண்டும். மூன்றாவதாக, எல்லாத் தளங்களும் ஓடை வழங்குவதில்லை.

நான்காவது எச்சரிக்கை அனுபவத்தால் விளைந்தது. கூகுள் ரீடர் என்னும் திரட்டி 2005-இல் தொடங்கி, பலராலும் விரும்பப்பட்டு, 2013 ஜூலை 1-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. தம் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தோர் அதை வேறு திரட்டியில் ஏற்றிப் பணியைத் தொடர்ந்தனர். மற்றவர்கள் ஒவ்வொரு முகவரியையும் மீண்டும் தேட நேர்ந்தது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலை இவ்வாறு சேமித்து வைத்தல் நலம்.

தொடக்கத்தில் ஐந்து அல்லது ஆறு ஓடைகளே போதுமானவை. ஒரு மாதம் வரை படிக்கப்படாமலே கிடக்கும் ஓடையை நீக்கிவிடலாம். பள்ளியிலோ களப்பணி அலுவலகத்திலோ ஒருவர் இப்பொறுப்பை ஏற்று, நாள்தோறும் காலையில் முக்கியமான தலைப்புகளைத் தேதியுடன் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், கணினி இல்லாதவர்களுக்கும் இதன் பயன் சென்று சேரும்.