5000 லிட்டர் தொட்டிக்கு என்ன அளவு?

வீட்டில் 5000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 1000 லிட்டர் என்பது ஒரு கன மீட்டர். ஆகவே 5இன் கனமூலம் தேவை. 5ஐ மூன்றால் வகுத்து 1.67 மீட்டர் என்று சொல்லிவிடுவோர் படித்தவர்களிலும் உண்டு. அப்படிக் கட்டினால் சுமார் 340 லிட்டர் குறையும். கட்டிய சுவரைப் பிறகு நகர்த்த முடியுமா?

8, 27 என்றால் பிள்ளைகள் உடனே கனமூலம் சொல்வார்கள். 5 முழுக் கன எண் அல்ல. பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களையும் அருகில் அமர்த்திக்கொண்டு செய்து பாருங்கள்.

முதலில் ஓர் ஊகம்: 1.7. அதை மூன்று முறை பெருக்கினால் 4.913. இன்னும் 0.087 குறைகிறது. ஒரு கனசதுரத்தைச் சற்றே பெரிதாக்க, அதன் மூன்று முகங்களில் மெல்லிய பூச்சு பூசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தின் பரப்பு 1.7 × 1.7 = 2.89. மூன்றுக்கும் 8.67. குறைந்த 0.087ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 0.01. பூச்சின் கனம் அதுதான். கூட்டினால் 1.71, அதன் கனம் 5.0002. இன்னும் நுட்பம் வேண்டுமானால் 1.71இல் தொடங்கி மறுபடி செய்யலாம். அந்தத் தசமம் முடியவே முடியாது, தொட்டிக்கு அது தேவையுமில்லை. ஒரு மீட்டர் 71 சென்டிமீட்டர் என்பது உள்ளளவு என்று கொத்தனாரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

இலக்கம் இலக்கமாகக் கனமூலம் காணும் வேறொரு முறையை கி.பி. 499 அளவில் ஆரியபட்டர் எழுதினார். இந்தியர்களிடம் இத்தகைய முறைகள் இருப்பதை உமர் கய்யாம் தம் அல்ஜிப்ரா நூலில் குறிப்பிட்டு, அவற்றை உயர்படி மூலங்களுக்கும் தாம் விரித்ததாகச் சொல்கிறார். நம்மில் பலர் அவரைக் கவிஞராக மட்டுமே அறிந்திருக்கிறோம்.