உலாவி சுமக்கும் கணக்கு

இணையத்தளங்களுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. 1990ஆம் ஆண்டையொட்டி, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை வடிவமைத்தபோது அதன் பேச்சுமுறையை மிக எளிமையாக வைத்தார். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், தளத்தை வைத்திருக்கும் கணினியான வழங்கி அதை அனுப்பும், அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த நொடியே அதே உலாவி இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் வழங்கிக்கு அது முன்பின் தெரியாத ஆள்தான். ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள இது போதுமானதாக இருந்தது. எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் யாரையும் நினைவில் வைக்கும் சுமை இல்லாததால் வலை வேகமாகப் பரவவும் இதுவே உதவியது.

கொடுக்கல் வாங்கலுக்கு இந்த மறதி ஒத்துவராது. ஈப்போவில் இருக்கும் ஒருவர் கே.எல். சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் இணையம் வழியாக இடம் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் நாளைத் தேர்வு செய்கிறார், இரண்டாவதில் இருக்கையை, மூன்றாவதில் பணம் கட்டுகிறார். மறதியுள்ள வழங்கிக்கு இவை மூன்றும் மூன்று அந்நியர்களின் கோரிக்கைகள். இருக்கையைத் தேர்ந்தவரும் பணம் கட்டுபவரும் ஒரே ஆள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பேராக் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய மளிகைக் கடைகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு புத்தகம் அது. அரிசியும் சீனியும் மீன் டின்னும் கடனுக்கு வாங்கும்போது கடைக்காரர் அதில் எழுதுவார், சம்பளம் போட்டதும் கணக்கு தீரும். பல குடும்பத்தார் அந்தப் புத்தகத்தைத் தாங்களே வைத்திருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோவார்கள். கல்லாவில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தாலும், வாங்க வந்தது வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், புத்தகத்தைப் பிரித்தால் பழைய கணக்கு அப்படியே இருக்கும். நினைவைக் கடைக்காரரின் மூளையில் வைக்காமல் வாடிக்கையாளரின் கையில் கொடுத்துவிட்ட ஏற்பாடு அது.

1994 ஜூனில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியாளர் லூ மொந்துல்லி கண்ட தீர்வும் இதேதான். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை திறக்க விரும்பியது. வாங்குபவர்கள் பாதியில் விட்டுச்செல்லும் பொருள் பட்டியல்களைத் தன் வழங்கியில் சேர்த்துவைக்க மட்டும் அது விரும்பவில்லை. அப்படியானால் அந்தப் பட்டியல் வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும் என்று மொந்துல்லி முடிவு செய்தார். வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைப் பத்திரப்படுத்தி, அதே தளத்துக்கு மீண்டும் போகும்போதெல்லாம் கேட்காமலே காட்டும். இந்தக் குறிப்புதான் குக்கி. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப் சோதனைப் பதிப்பிலேயே அது இடம்பெற்றது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் உலாவியும் அதை ஏற்றுக்கொண்டது.

குக்கிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, கூடவே சில நிபந்தனைகள். எந்தத் தளத்துக்கு இதைத் திருப்பிக் காட்டலாம், எந்த நாளோடு காலாவதியாகும், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும்தான் அனுப்ப வேண்டுமா என்பவை அந்த நிபந்தனைகள். ஒரு குக்கி பொதுவாக 4,096 பைட்டுக்குள், அதாவது இந்தக் கட்டுரையின் இரண்டு மூன்று பத்திகளுக்குள் அடங்கிவிடும். அது வெறும் எழுத்து. மென்பொருள்போல அது இயங்காது, உங்கள் படங்களையோ கோப்புகளையோ திறக்காது, தானாக வைரஸைக் கொண்டுவராது.

இப்போது பெரும்பாலான தளங்கள் கணக்கு முழுவதையும் குக்கியில் எழுதுவதில்லை. யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றை மட்டும் அதில் எழுதிவிட்டு, விவரங்களையெல்லாம் தங்கள் பேரேட்டில் வைத்துக்கொள்கின்றன. நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்ததும் வழங்கி இந்த எண்ணைத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு சொடுக்குக்கும் உலாவி அதையே காட்டுவதால்தான் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. சில குக்கிகள் உலாவியை மூடியதும் அழியும், சில மாதக்கணக்கில் இருக்கும். குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வாழவிடுவதில்லை.

இந்த எண் எவர் கையில் இருக்கிறதோ அவரையே தளம் நீங்கள் என்று நம்பும். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற செருகுநிரல் இதை உலகுக்கே காட்டியது. அக்காலத்தில் பல பெரிய தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைகுறியாக்கிவிட்டு, அதன்பின் வரும் குக்கியைத் திறந்தபடி அனுப்பின. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசையில் இருப்பவரின் முகநூல் கணக்குக்குள் இரண்டே சொடுக்கில் நுழையலாம் என்று அது நிரூபித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறைகுறியாக்கத் தொடங்கின.

ஆனாலும் ஆபத்து அகலவில்லை. விலையில்லாமல் கிடைக்கிறதென்று இறக்கும் திருட்டு மென்பொருள்களில் சில, உலாவியின் குக்கிகளை அள்ளிக்கொண்டு போகவே எழுதப்பட்டவை. குக்கி போய்விட்டால் திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் வேண்டாம். நாடி எனும் சமூக இணைய மையம், நூலகம் போன்ற இடங்களில் பலர் பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் உலாவியை மூடுவதோடு நிற்காமல் முறையாக வெளியேற வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். வெளியேறும்போதுதான் வழங்கி தன் பேரேட்டிலிருந்து அந்த எண்ணை அடிக்கிறது.

ஒரே எண் வேண்டாம் என்ற முடிவு

மொந்துல்லியின் முன் இன்னொரு வழியும் இருந்தது. ஒவ்வொரு உலாவிக்கும் உலகத்துக்கே பொதுவான ஓர் எண்ணைக் கொடுத்துவிடலாம். எந்தத் தளத்துக்குப் போனாலும் உலாவி அதைச் சொல்லும், எல்லாச் சிக்கலும் தீரும். அவர் அதை வேண்டாமென்று ஒதுக்கினார். ஒரே எண் இருந்தால் தளங்கள் ஒன்றுகூடி ஒருவரைச் சுவடு பிடித்துவிடும் என்பதே காரணம். ஒரு தளம் எழுதியதை இன்னொரு தளம் படிக்கவே கூடாது என்ற விதியை அதற்காகவே வகுத்தார்.

பேராக்கில் வாழ்பவர்களுக்கு இந்த முடிவின் எடை விளங்கும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று ஆணை வந்தது. தோட்டத்திலிருந்து பட்டணம் போகும் வழியில் நிறுத்திக் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். இன்றும் மருத்துவமனையிலிருந்து வங்கிவரை நாம் சொல்லும் ஐசி நம்பர் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். ஆனால் கேட்பவர் எதிரே நிற்கிறார், எடுத்துக் காட்டுவது நம் கை. ஒரே எண் எவ்வளவு வல்லமை உள்ளது என்பதும், அதை யாரிடம் எப்போது காட்டினோம் என்பதும் நமக்குத் தெரியும்.

வலையில் மொந்துல்லி மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு வழங்கியிலிருந்து வரும், அதன் ஓரத்து விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வரும். அந்த விளம்பரத்தைக் கேட்கும்போதும் உலாவி கடமை தவறாமல் அந்த நிறுவனத்தின் குக்கியைக் காட்டுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்ற தகவலையும் வழக்கமாகச் சேர்த்தே அனுப்புகிறது. இதுவே மூன்றாம் தரப்புக் குக்கி. விளம்பரம் கண்ணில் படக்கூட வேண்டியதில்லை. ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, பார்வைக்குத் தெரியாத படம் போதும்.

இந்த வழியை வணிகமாக வளர்த்த நிறுவனங்களில் பெரியது 1996இல் தொடங்கிய டபிள்கிளிக். 2007இல் 310 கோடி அமெரிக்க டாலருக்கு அதை வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. ஒரே விளம்பரத் தரகர் ஆயிரக்கணக்கான தளங்களிலும் உட்கார்ந்திருந்தால், காலையில் படித்த செய்தி, மதியம் தேடிய சேலை, இரவில் வாசித்த நோய்க்குறி எல்லாமே அவருடைய ஒரே பக்கத்தில் வரிசையாக ஏறும். தரகர்கள் தங்களுக்குள்ளும் எண்களை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இவருடைய எண்ணும் அவருடைய எண்ணும் ஒரே ஆள்தான் என்று பொருத்திவிட்டால் இரண்டு பேரேடுகளும் ஒன்றாகிவிடும். மொந்துல்லி மறுத்த பொதுவான எண், இப்படி நமக்குத் தெரியாமலே பிறந்துவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மலேசியாவில் இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டிவருகின்றன. கால் புண் ஏன் ஆறவில்லை என்று ஒரு தாய் இரவில் தேடிப் படிக்கிறார். அதை அவர் மகனிடம்கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் தரகர்களின் குக்கிகள் இருந்தால், முன்பின் தெரியாத நிறுவனங்கள் அதைக் குறித்துக்கொள்ள முடியும். மறுநாள் முதல் அதிசய மூலிகை விளம்பரங்கள் அவரைத் துரத்தினால், வணிகமாக்கப்பட்டது அவருடைய பயம். பெயர் தெரியாவிட்டாலும் ஒருவரை எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது சிறிய அதிகாரம் இல்லை.

எச்சரிக்கை வந்த காலம், கேட்ட காலம்

இந்த ஆபத்தை முதலில் சொன்னவர்கள் பொறியாளர்களே. டேவிட் கிறிஸ்டலும் மொந்துல்லியும் சேர்ந்து எழுதி 1997 பிப்ரவரியில் வெளிவந்த குக்கித் தரநிலை, மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாகவே ஏற்கக் கூடாது என்றது. பெரிய உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2019இல்தான் தெரிந்த சுவடு பிடிப்பவர்களின் குக்கிகளை இயல்பாகவே அடைத்தது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாக நிறுத்தியது. கூகுளும் 2020இல் தன் குரோமில் அவற்றை ஒழிப்பதாக அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஐரோப்பாவில் சட்டம் முன்னால் போனது. தேவையற்ற குக்கி வைக்க வருகையாளரின் சம்மதம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. முன்கூட்டியே டிக் போட்டுவைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பல தளங்களில் நம் முன் எழும் அந்த 'ஏற்கிறேன்' பலகை இதன் விளைவுதான். ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்கு நாலைந்து சொடுக்கும் வைத்ததற்காகக் கூகுளுக்கும் முகநூலுக்கும் பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் பெரும் அபராதத்தை அறிவித்தது. மறுப்பதும் அவ்வளவே எளிதாக இருந்தால்தான் அது சம்மதம்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அது குக்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல் வணிகத்துக்குப் பயன்பட்டால் சட்டம் பொருந்தும். உடல்நலத் தகவலுக்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும். கூட்டரசும் மாநில அரசுகளும் இச்சட்டத்துக்குள் வரமாட்டா. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், தகவல் கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையைச் சேர்த்து, தண்டனையை 10 லட்சம் வெள்ளி வரை உயர்த்தியது. தகவலை ஏன் எடுக்கிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்த தலைமுறையின் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அவர்கள் 'ஏற்கிறேன்' என்று தொடும்போது எதை ஏற்கிறார்கள்? தமிழிலும் அறிவிப்பு வைக்க எந்த நிறுவனத்தையும் சட்டம் தடுக்கவில்லை. தமிழ் வாடிக்கையாளரின் பணத்தைப் பெறும் நிறுவனங்களிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பலகை எழும்போது 'தேவையானவை மட்டும்' என்பதைத் தேடித் தொடலாம். இடத்தைப் பதிவு செய்வதும் உள்நுழைவதும் அதனால் கெடாது. குரோமில் அமைப்புகளைத் திறந்து, தனியுரிமைப் பகுதிக்குள் மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடைக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே, எந்தெந்தத் தளங்கள் உங்களிடம் தகவலை வைத்திருக்கின்றன என்ற பட்டியலையும் பார்க்கலாம், வேண்டாதவற்றை அழிக்கலாம். இது முழுக் காவல் ஆகிவிடாது. திரையின் அளவு, எழுத்துரு, உலாவிப் பதிப்பு போன்ற அடையாளங்களைக் கூட்டிச் சேர்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் உத்திகளும் உண்டு. குக்கியை அழித்த பிறகும் அதே கணக்கில் மீண்டும் உள்நுழைந்து உலவினால், அந்த நிறுவனத்துக்கு உங்களைத் தெரிந்துவிடும். ஆனாலும் மிகப் பெரிய சன்னல் மூடப்படுகிறது.

மலேசிய மாநிலங்களில் அதிகத் தமிழ்ப்பள்ளிகள் இருப்பது பேராக்கில், 130க்கும் மேல். அவற்றில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்காக எழுந்தவை. அங்கே கணினி பழகும் ஒரு பிள்ளைக்கு இந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஒரே மாலையில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் அதை மாற்றிவிட முடியும். மாற்றிக் கொடுக்கும்போது ஏன் மாற்றினோம் என்பதைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். அடுத்த முறை அந்தப் பலகை எழும்போது, மறுப்பதா ஏற்பதா என்று அவர்களே முடிவு செய்வார்கள்.