நீல வெளிச்சத்துக்கு ஒரு தரகர்

நிறமற்ற கரிமச் சேர்மங்களைக் கரைத்து விளக்கின் முன்னால் எத்தனை நாள் வைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நிறமில்லை என்றாலே, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்தப் பொருள் உள்வாங்கவில்லை என்றுதான் பொருள். உள்வாங்கினாலும் பலம் போதாது. 450 நானோமீட்டர் நீல ஒளியின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 266 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 350 வேண்டும். அதனால் வேதியியலர்கள் நெடுங்காலம் புற ஊதா ஒளியையே நாடினார்கள். அதற்குப் பலம் உண்டு, நிதானம் இல்லை. தொடக்கூடாத பிணைப்பையும் உடைத்துவிடும். போலோன்யா நகரில் குடுவைகளை வெயிலில் வைத்து ஆராய்ந்த ஜாகொமோ சாமிச்சியான், சூரிய ஒளியில் இயங்கும் தொழில்துறை ஒன்றை 1912இலேயே நியூயார்க் உரையில் கனவு கண்டார். அந்தக் கனவுக்குக் குறைவாக இருந்தது வெளிச்சமல்ல, வெளிச்சத்தை வாங்கிக் கைமாற்றிவிடும் தரகர்தான் என்பதே என் வாதம்.

அந்தத் தரகர், மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் சூழ்ந்த ருத்தேனியம். அதன் கரைசல் ஆரஞ்சு நிறம். நீல ஒளியை ஆவலோடு விழுங்கும். விழுங்கியதும் உலோகத்தின் எலக்ட்ரான் ஒன்று பக்கத்துப் பைபிரிடினுக்குத் தாவுகிறது. அந்த நிலை நீடிப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி. அதற்குள், எலக்ட்ரானைக் கொடுக்கவும் வாங்கவும் அது ஒருசேரத் துடிக்கிறது. ஓர் அமீனிடம் வாங்கி, புரோமின் ஏந்திய கார்பனிடம் கொடுத்துவிட்டால், புரோமின் அயனியாகக் கழன்றுகொள்ளும். ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் கார்பன் புதுத் துணை தேடும். உலோகமோ பழையபடி அடுத்த ஒளித்துகளுக்குக் காத்திருக்கும். இந்தச் சேர்மம் 1930களிலிருந்தே அறிமுகமானது. ஆனால் 2008இல் பிரின்ஸ்டனில் டேவிட் மெக்மில்லனும் டேவிட் நைஸ்விஸும் இதைத் துணைகொண்டு, சாதாரண ஃப்ளோரசன்ட் விளக்கொளியில், அறை வெப்பத்திலேயே ஆல்டிஹைடுகளோடு புதிய கார்பன் பிணைப்புகளை ஏற்படுத்தினார்கள். அதே ஆண்டு விஸ்கான்சினில் டெஷிக் யூனும் இதே ருத்தேனியத்தால் வளையங்களை உருவாக்கிக் காட்டினார். 2014இல் நிக்கலும் கூட்டு சேர்ந்தது: ஒளி வாங்கும் உலோகம் எலக்ட்ரானை நகர்த்த, நிக்கல் இரு துண்டுகளைக் கோத்தது.

ஒற்றை எலக்ட்ரான் கார்பனை வெள்ளீயச் சேர்மங்களால் முன்பே உண்டாக்கினோமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவை நஞ்சு, மூலப்பொருளுக்குச் சமமான அளவில் தேவைப்பட்டு, கடைசியில் கழிவாய் மிஞ்சுபவை. ருத்தேனியமும், இதே வேலைக்குப் பயன்படும் இரிடியமும் அரியவை, விலை மிக்கவை என்பதும் நியாயமான குறை. ஆனால் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ போதும். சில வினைகளுக்கு இயோசின் போன்ற உலோகமில்லாச் சாயமே கைகொடுக்கிறது. மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: இவ்வளவு ஆவலாக ஒளியை விழுங்கும் கரைசலில் வெளிச்சம் சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது, பெரிய கலத்தின் நடுப்பகுதி இருட்டாகவே கிடக்கும். விளக்கின் பலத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. கரைசலை மெல்லிய ஒளிபுகும் குழாய்களில் ஓடவிட்டால், ஒவ்வொரு துளியும் விளக்கின் பக்கத்தில் வந்து போகும். மூலக்கூறு அளவில் தரகர் செய்ததை, ஆலை அளவில் குழாய் செய்கிறது.